ஊர் ஏரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு: புதிதாகத் தொடங்கும் இளைஞர் குழுவுக்கு

பறவைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடும் மாணவர் குழு பெரும்பாலும் முதலில் வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற பறவைச் சரணாலயங்களுக்கு வண்டி பிடிக்கிறது. போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கே வனத்துறை இருக்கிறது, ஆய்வாளர்கள் வருகிறார்கள், பல ஆண்டுக் கணக்கு கையில் இருக்கிறது. உங்கள் ஊர் ஏரிக்கு அப்படி யாரும் இல்லை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் என்று சுமார் 40 ஆயிரம் நீர்நிலைகள் உள்ளன. வலசை வரும் வாத்துகளும், சேற்றில் மேயும் சிறு பறவைகளான உள்ளான்களும் இவற்றில்தான் பரவலாக இறங்குகின்றன. எந்த ஏரியில் எத்தனை இறங்கின என்ற தொடர்ச்சியான எண் மிகச் சிலவற்றுக்கே உண்டு. அந்த எண்ணை உண்டாக்குவதுதான் இளைஞர்கள் செய்யக்கூடிய முதல் வேலை. அதற்குப் பட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போகும் பிடிவாதம் வேண்டும்.

ஏன் ஜனவரி

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பும், இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இதை ஒருங்கிணைக்கின்றன. ஜனவரிக்குக் காரணம் உண்டு. உள்ளான் வகைகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். வாத்துகள் அக்டோபர், நவம்பரில் சேரும். இன்னும் தெற்கே போக வேண்டியவை போய், இங்கே தங்குபவை தங்கி, கூட்டம் நிலைகொள்வது ஜனவரியில். மார்ச்சில் திரும்பும் பயணம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இதே பருவத்தில் வருவதால், ஒரே உழைப்பு இரண்டுக்கும் பயன்படும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்களும் மாணவர்களும் சேர்ந்து ஜனவரியில் எண்ணி வருகிறார்கள். தென்மாவட்டத்துக் குழுக்கள் அதில் ஓர் ஆண்டு சேர்ந்து பழகிக்கொண்டு பிறகு தங்கள் குளத்துக்குத் திரும்பலாம்.

தொடங்கும் முன்பே திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு தவறு: “வெளிநாட்டுப் பறவைகள் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வருகின்றன” என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது சரியில்லை. மங்கோலியாவிலிருந்தும் திபெத் பீடபூமியிலிருந்தும் வரும் வரித்தலை வாத்தும், சைபீரியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான்களும் குளிர்காலத்தைக் கழிக்கத்தான் வருகின்றன. அவை கூடு கட்டுவது வடக்கே, அங்குள்ள கோடையில். நம் சரணாலய மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் இந்த மண்ணின் பறவைகள். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஏரிக்கு என்ன கேட்பது என்பதே தவறிப்போகும். கூடு கட்டுபவைக்கு மரம் வேண்டும். வலசை வரும் உள்ளானுக்கு மரமே வேண்டாம், சேறு வேண்டும்.

ஏரியைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆண்டுக்கு 100 ஏக்கருக்குள் உள்ள ஏரி போதும். நடந்தோ சைக்கிளிலோ அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடியதாக இருக்கட்டும். தூரத்தில் இருந்தால் இரண்டாவது ஆண்டே ஆள் குறைந்துவிடும்.

டிசம்பரில் இரண்டு முறை போய்ச் சுற்றிப் பாருங்கள். ஒரு தாளில் கரை, மதகு, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (தண்ணீர் வரும் கால்வாய்), உள்வாய் (கரைக்கு எதிரே ஆழம் குறைந்த பகுதி) எல்லாவற்றையும் வரைந்து குறியுங்கள். எங்கே நாணல், எங்கே திறந்த தண்ணீர், எங்கே சேறு தெரிகிறது என்பதும் வேண்டும். பிறகு நிற்கும் இடங்களை முடிவு செய்யுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று வெயில். கிழக்கு நோக்கிச் சரியும் நிலத்தில் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். காலையில் அந்தக் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். உங்கள் ஏரிக்கரை வேறு திசையில் இருந்தால் அதற்கேற்ப நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். சர்வே எண்ணையும் பரப்பையும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிந்துகொள்ளலாம். சரணாலயமாக இருந்தால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கணக்கெடுப்புக்கு இறங்கக் கூடாது. ஊர் ஏரி என்றாலும் ஊராட்சித் தலைவர், மீன் குத்தகைதாரர், மடை திறக்கும் நீர்க்கட்டி மூவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த மூலையில் எப்போது பறவை இறங்கும் என்று நீர்க்கட்டிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு பைனாகுலர் போதும். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; 42 என்பது முன் கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்கும் மலிவுப் பைனாகுலரில் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். படம் இருட்டாகவும் தெரியும். பணம் வீண்.

பைனாகுலரைச் சரிசெய்யாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு “ஒன்றும் தெரியவில்லை” என்பவர்கள் அதிகம். முதலில் நடுக்கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் குழாயில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். அதன் பிறகு நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் பக்கத்து ரப்பர் மூடியை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருந்தால் உள்ளான்களைப் பிரித்தறிய மிக உதவும். கல்லூரியிலோ அருகிலுள்ள பறவை ஆர்வலர் குழுவிலோ ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். மற்றபடி அட்டை வைத்த குறிப்பேடு, பென்சில் இரண்டு, தண்ணீர், தொப்பி. பேனா வேண்டாம், மார்கழிப் பனியில் தாள் நனைந்து மை கரையும். உடை பச்சையோ மண் நிறமோ இருக்கட்டும்.

எண்ணப் பழகுவது வீட்டில்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஏரிக்குப் போகும் குழுவின் கணக்கு பெரும்பாலும் தவறாகவே வரும். கறுப்புத் தட்டு ஒன்றில் ஒரு பிடி அரிசியை வீசுங்கள். ஐந்து நொடி மட்டும் பார்த்து எத்தனை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். 300 அரிசியைப் பலர் 150 என்று எழுதியிருப்பார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக மனிதக் கண் குறைத்தே மதிப்பிடும். பத்து நாள், நாளுக்குப் பத்து முறை பழகினால் தவறு வெகுவாகக் குறையும்.

ஏரியில் அதே முறைதான், கொஞ்சம் ஒழுங்கோடு. தண்ணீரில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்தும் பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவு இடத்தைக் கூட்டத்தின் மீது வலது பக்கமாக அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: பத்து, இருபது, முப்பது. கூட்டம் ஆயிரத்தைத் தொட்டால் பத்துக்குப் பதில் ஐம்பதோ நூறோ. ஓரத்தில் பறவைகள் இடைவெளி விட்டும் நடுவில் நெருக்கமாகவும் இருக்கும். ஓரத்து அளவை நடுவுக்கும் வைத்தால் எண் பாதியாகிவிடும். எனவே நடுவிலும் ஒரு முறை பத்து எண்ணி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். தூங்கும் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்திருக்கும். கரையின் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் பின்வரிசை தெரியும்.

பல இனங்கள் கலந்த கூட்டத்தில் முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். பிறகு தொலைநோக்கியை ஓரிடத்தில் நிறுத்தி நூறு பறவைகளை இனம் பிரித்து எண்ணி, அந்த விகிதத்தை மொத்தத்தின் மேல் போடுங்கள். பறந்து போகும் வரிசையை எண்ண ஒரு பனைமரத்தையோ மின்கம்பத்தையோ குறியாக வைத்து, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணினால் போதும்.

அன்று காலை

சூரியன் எழும்போது கரையில் இருங்கள். எட்டரை, ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு கானல் எழுந்து தூரத்துப் பறவைகள் நடுங்கத் தொடங்கும். பக்கத்து ஏரிகளிலும் குழு இருந்தால் அதே நாள், அதே நேரத்தில் எண்ணுங்கள். பறவைகள் ஏரிக்கு ஏரி மாறும். வேறு வேறு நாளில் எண்ணினால் ஒரே கூட்டம் இரண்டு ஏரிக் கணக்கிலும் ஏறிவிடும்.

வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படி: இருவர் எண்ணுவார்கள், ஒருவர் எழுதுவார், ஒருவர் வானத்தை மட்டும் பார்ப்பார், ஒருவர் நேரத்தையும் கூட்டாளிகளையும் கவனிப்பார். வானத்தைப் பார்ப்பவரின் வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். “7.10, நீர்க்காகம் சுமார் 60, வடக்கே போனது” என்று அவர் குறித்திருந்தால்தான் அடுத்த இடத்தில் நிற்பவர்கள் அதே அறுபதை மறுபடி எண்ணாமல் இருப்பார்கள். எண்ணும் இருவரும் எழுதி முடிக்கும்வரை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒருவர் “ஐந்நூறு” என்று சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணும் ஐந்நூறைத்தான் காணும். இருவர் எண்ணும் பெரிதும் விலகினால் மறுபடி எண்ணுங்கள்.

குறிப்பேட்டின் தலைப்பில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, ஏரியில் எத்தனை பங்கு தண்ணீர், மதகு திறந்திருக்கிறதா, வலை போட்டிருக்கிறார்களா என்பவை வேண்டும். தண்ணீர் மட்டம் இல்லாத பறவைக் கணக்கைப் பின்னால் படிப்பவர் எதனுடனும் ஒப்பிட முடியாது.

பறவைகளை நெருங்கும்போது அவற்றின் கழுத்தைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினால் அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். ஒரு முறை எழுப்பிவிட்டால் உங்கள் எண்ணும் போய்விடும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்த்த கொழுப்பும் வீணாகக் கரையும். டிரோன் வேண்டாம். கைபேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் எழுத்து அனுமதியும், ஐந்து பேருக்கு ஒரு பெரியவரும் கட்டாயம். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் ஆள் ஆழத்துக்கு மறைந்திருக்கும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த அடி வைத்தவர்கள் மீளாமல் போயிருக்கிறார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

இனம் காண்பதில் தடுமாறும் இடங்கள்

முதல் ஆண்டு இருபது இனம் தெரிந்தால் போதும். நிறத்தைவிட உருவம், அலகு, கால் மூன்றையும் முதலில் பாருங்கள்.

வெள்ளைக் கொக்குகளில் தவறு அதிகம். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். உண்ணிக்கொக்கு குட்டை, மஞ்சள் அலகு. பெருங்கொக்கையும் இடைக்கொக்கையும் பிரிக்க, அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் ஓடும் வாய்க்கோட்டைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெருங்கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் இடைக்கொக்கு. பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரியும். அலகு கரண்டிபோல் அகன்றிருந்தால் தட்டைவாயன். முகத்தில் கோடுகள் தெளிவாக இருந்தால் நீலச்சிறகி. கழுத்து மெலிந்து நீண்டு வால் கூராக இருந்தால் ஊசிவால். முதுகில் புள்ளிகள், கண்மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால் என்றால் பொறி உள்ளான். ஓயாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு, தோளருகே வெள்ளை ஏறி நிற்பது சாதாரண உள்ளான்.

தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். “இனம் தெரியாத உள்ளான் 40” என்பது நல்ல பதிவு. ஊகித்து எழுதிய அரிய பறவை மொத்தப் பட்டியலின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். பறவையை இனம் காட்டும் மெர்லின் செயலி சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, புகைப்படத்தை அனுபவமுள்ளவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ கண்டால் நிறம், எழுத்து, எண், பறவையின் இடக்காலா வலக்காலா, முழங்காலுக்கு மேலா கீழா என்று எல்லாவற்றையும் எழுதிப் படமெடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். கோடியக்கரையில் பல்லாண்டுகளாக வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்.

கணக்கை ஏற்றுவது

அன்று மாலையே இபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நாள் தள்ளினால் கையெழுத்து புரியாது. ஓர் ஏரிக்கு ஒரு பட்டியல். மூன்று ஏரியைச் சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டால் எந்த எண் எந்த ஏரிக்கு என்று யாருக்கும் தெரியாமல் போகும். கண்டதற்கெல்லாம், இருந்தது என்று மட்டும் சொல்லும் ‘எக்ஸ்’ போடாமல் எண்ணை எழுதுங்கள். காகம், மைனா உட்பட இனம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருந்தால் மட்டும் அது முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள். ஐந்து பேரும் தனித்தனியாக ஏற்றினால் ஒரு பறவை ஐந்தாகிவிடும். ஒருவர் ஏற்றி மற்றவர்களோடு பகிர வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் மாநில ஒருங்கிணைப்பாளர் சொல்லும் இபேர்ட் பயனர் கணக்கோடும் பட்டியலைப் பகிர்ந்து, ஏரியின் நிலை பற்றிய படிவத்தையும் நிரப்புங்கள்.

எண் வந்த பிறகு

இந்தப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. கணக்கெடுப்பு முடிந்து ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகியிருக்கும். ஒரே பக்கத்தில் ஏரியின் பெயர், சர்வே எண், கண்ட இனங்கள், எண்ணிக்கை, ஒரு படம், கேட்பது இரண்டே இரண்டு என்று எழுதிக்கொண்டு போங்கள். “ஏரியைக் காப்பாற்றுங்கள்” என்று கேட்டால் எல்லோரும் கை தட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. “குப்பை வண்டி கலுங்கருகே கொட்டுவதை நிறுத்த வேண்டும்”, “கோடையில் வண்டல் எடுக்கும்போது உள்வாய் ஓரத்துச் சரிவைத் தோண்டாமல் விட வேண்டும்” என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

சரிவை ஏன் கேட்க வேண்டும்? கொசு உள்ளானுக்கு விரல் அளவு தண்ணீர் போதும். அதற்கு மேல் நின்றால் மேய முடியாது. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்கு ஒரு முழத்துக்குள். முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் ஆழத்தில் வேட்டையாடும். மெல்லச் சரியும் உள்வாயில் தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பட்டைச் சேறு வெளிப்படும். அதுதான் இவற்றின் பந்தி. நல்லெண்ணத்தோடு பொக்லைனை இறக்கி ஏரியைச் சட்டிபோல் ஒரே ஆழமாக வெட்டி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டால் தண்ணீர் நிறைந்து அழகாகத்தான் தெரியும். உள்ளான் ஒன்றுகூட இறங்காது. சேற்றுத் திட்டில் மரக்கன்று நடுவதும் இதே தவறு.

ஆகாயத்தாமரையை அகற்றலாம், அள்ளியதைக் கரையிலேயே போடாமல் தூரம் கொண்டுபோய் மட்கவிட வேண்டும், இல்லையேல் அடுத்த மழையில் உள்ளே வந்துவிடும். அல்லியையும் கோரையையும் சேர்த்து வழித்தெடுக்காதீர்கள். இலைக்கோழியும் தாழைக்கோழியும் வாழ்வது அதில்தான். சீமைக்கருவேலத்தை வெட்டும் முன் அதில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாக நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ வளர்ந்த பிறகு படிப்படியாக வெட்டலாம்.

சட்டத்தைப் பேசும்போது கவனம் வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். அதனால் ஆக்கிரமிப்பு பற்றி மனு கொடுக்கும்போது தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 என்பதைக் குறிப்பிடுங்கள். அது நீர்வளத் துறையின் ஏரிகளுக்கானது. வேட்டையாடினால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. கண்ணியோ துப்பாக்கியோ பார்த்தால் நீங்களே போய்த் தடுக்காதீர்கள். இடம், நேரம் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

விவசாயியிடமும் மீன் குத்தகைதாரரிடமும் பாடம் நடத்தப் போகாதீர்கள். நீர்க்காகம் மீன் தின்பதும், தாழைக்கோழி நாற்றை மிதிப்பதும் உண்மை. அதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை வேடந்தாங்கல் விவசாயிகள் நெடுங்காலமாக அறிவார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. முடிந்தால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருவரை அங்கே அழைத்துப் போங்கள். நீங்கள் பேசுவதைவிட அந்த ஊர்க்காரர்கள் பேசுவது எடுபடும்.

ஏரியில் பல பறவைகள் செத்தோ, கழுத்து தளர்ந்து பறக்க முடியாமலோ கிடந்தால் கையால் தொடவே கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், நச்சாகவும் இருக்கலாம். இனம், எண்ணிக்கை, இடம் குறித்துப் படமெடுத்துக் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். நாய்களை அண்டவிடாதீர்கள்.

ஜனவரியோடு நிறுத்தாமல் மாதம் ஒரு முறை, அதே இடங்களில், அதே வரிசையில் நின்று எண்ணுங்கள். தேர்வு மாதத்தில் இரண்டு பேராவது போகட்டும். மே மாதம் ஏரி வறண்டு ஆடு மேய்ந்தாலும் போய், “தண்ணீர் இல்லை, நீர்ப்பறவை 0” என்று எழுதி ஏற்றுங்கள். எழுதாமல் விட்டால், அன்று பறவை இல்லையா அல்லது ஆளே போகவில்லையா என்பது பின்னால் யாருக்கும் தெரியாது. மழை பிடித்து வரத்துக்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். முதல் நீலச்சிறகி எந்தத் தேதியில் வந்து இறங்கியது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள்.